சூளைக்குத் தாங்கும் சின்னம்

கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றின் கரையில் பழமலைநாதர் கோயிலைச் சூழ்ந்து வளர்ந்த விருத்தாசலம், தேவாரத்தில் திருமுதுகுன்றம் என்று பாடப்பெற்ற பழைய ஊர். அதே ஊர்தான் கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் பீங்கான் நகரம் என்ற பெயரையும் ஈட்டிக்கொண்டது. அருகிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே படிந்திருக்கும் அடுக்குகளில் கிடைக்கும் களிமண்ணும், சந்திப்பு நிலையமாக அமைந்த ரயில் வசதியும், அரசு அமைத்த செராமிக் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்பு நடத்தும் அரசு நிறுவனமும் சேர்ந்து இத்தொழிலை இங்கே வேரூன்றச் செய்தன. வீட்டு மின்பலகையில் காணப்படும் வெள்ளைப் பீங்கான் பியூஸ் கட்டை, மின்கம்பிகளைத் தாங்கும் இன்சுலேட்டர், கார்த்திகைக்கு ஏற்றும் அகல் விளக்கு, கொலுப்படிக்கும் கண்ணாடி அலமாரிக்கும் போகும் பொம்மை என இவ்வூர்ச் சூளைகளிலிருந்து வெளிவரும் பொருள்கள் பலவகைப்படும்.

இப்பொருள்களில் பல, செய்தவர் பெயர் இன்னதென்று தெரியாமலேயே சந்தைக்குப் போகின்றன. மொத்த வியாபாரி தன் அட்டைப்பெட்டியில் இட்டு விற்கும்போது, அகல் விளக்கை வாங்குபவருக்கு அது விருத்தாசலத்து மண் என்பதுகூடத் தெரிவதில்லை. இணையவழி விற்பனையும் ஏற்றுமதி வாய்ப்பும் பெருகியுள்ள இக்காலத்தில், தன் பொருளுக்குத் தன் பெயரையும் அடையாளத்தையும் இட வேண்டும் என்ற விருப்பம் சிறு உற்பத்தியாளர்களுக்கு எழுவது இயல்பு. எழ வேண்டியதும் அதுவே. அவ்விருப்பம் எழுந்தவுடன் முன்வந்து நிற்கும் கேள்வி, லோகோ என்று வழங்கப்படும் இலச்சினையை யாரைக் கொண்டு வரைவது என்பதாகும். ஊரில் உள்ள டிடிபி மையத்திலோ பிளக்ஸ் அச்சிடும் கடையிலோ சில நூறு ரூபாய்க்கு வரைந்து வாங்குவது பழைய வழி. சில ஆயிரம் ரூபாய்க்கு நூறு வடிவங்கள் கிடைக்கும் என்று அழைக்கும் இணையப் போட்டி புதிய வழி. பயிற்சி பெற்ற வடிவமைப்பாளர் ஒருவரை அமர்த்தி, ஊதியம் பேசி, அவரோடு உட்கார்ந்து உருவாக்குவது மூன்றாவது வழி. பீங்கான் தொழிலைப் பொறுத்தவரை இந்த மூன்றாவது வழியே தகுந்தது என்பதற்கான காரணங்களை, மண்ணிலிருந்தும் சட்டத்திலிருந்தும் எடுத்துக்காட்ட முடியும்.

மட்பாண்டத்தின் மேல் குறியிடும் பழக்கம் இந்நிலப்பகுதிக்குப் புதியதன்று. விருத்தாசலத்துக்கு வடகிழக்கே, புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், இத்தாலியின் அரெஸ்ஸோ வட்டாரத்தைச் சேர்ந்த அரெட்டைன் வகைச் சிவப்புப் பாண்டங்களின் ஓடுகள் கிடைத்தன. அவற்றில் சில, செய்த பட்டறையின் பெயர் முத்திரையாகப் பதிக்கப்பட்டவை. கீழடியிலும் கொடுமணலிலும் கிடைத்த பானை ஓடுகளில் தமிழ் பிராமி எழுத்தில் கீறப்பட்டுள்ள பெயர்களோ, பெரும்பாலும் அப்பானையை வைத்திருந்தவர்களின் பெயர்களாகவே கருதப்படுகின்றன. உடைமையைக் காட்டும் கீறல் வேறு, தயாரிப்புக்குப் பொறுப்பேற்கும் முத்திரை வேறு. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கடல் தாண்டி வந்த அந்தச் சிறு முத்திரையின் வேலை, முகம் அறியாத ஊரில் இருக்கும் வாங்குவோரிடம் செய்தவரின் பெயரைக் கொண்டு சேர்ப்பதாக இருந்தது.

பிற்காலத்தில் ஜெர்மனியின் மைசன் நகரப் பீங்கான் ஆலை இதை இன்னும் ஒரு படி முன்னெடுத்துச் சென்றது. 1710இல் தொடங்கப்பட்ட அந்த ஆலை, சாக்சனி ஆட்சியாளரின் சின்னத்திலிருந்து எடுத்த குறுக்கிட்ட இரு வாள்களை 1720களிலிருந்து தன் பொருள்களின் அடிப்புறத்தில் கோபால்ட் நீலத்தில் வரைந்து வருகிறது. இன்றளவும் புழக்கத்தில் உள்ள மிகப் பழைய வணிகச் சின்னங்களுள் அதுவும் ஒன்று. அச்சின்னத்தைச் சற்றே கவனித்தால் ஒரு நுட்பம் புலப்படும். இரண்டு கோடுகள், இரண்டு கைப்பிடிகள், ஒரே நிறம், அவ்வளவுதான். தூரிகையின் சில இழுப்புகளில் தொழிலாளி வரைந்துவிடலாம். மேலே பூசப்படும் பளிங்குப் பூச்சின் அடியில் அது அழியாமல் தங்கும். உயர் வெப்பத்திலும் நிலைத்து நிற்கும் மிகச் சில நிறங்களுள் கோபால்ட் நீலம் முதன்மையானது என்பதால் அந்த நீலம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதாவது சின்னத்தின் வடிவத்தையும் நிறத்தையும் சூளையே தீர்மானித்தது.

விருத்தாசலத்தின் பியூஸ் கட்டையை எடுத்துக்கொண்டால் இந்த உண்மை இன்னும் தெளிவாகும். சற்றே ஈரமான மண்பொடியை எஃகு அச்சில் இட்டு அழுத்தி உருவாக்கப்படும் இக்கட்டை, காய்ந்த பின்னர் கிளேஸ் எனப்படும் பளிங்குப் பூச்சு பூசப்பட்டு, 1,200 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் சுடப்படுகிறது. காயும்போதும் வேகும்போதும் மண் சுருங்குவதால், அச்சில் வெட்டப்பட்ட எழுத்து அதே அளவில் வெளிவருவதில்லை. மேடாக நிற்கும் கோடுகளின் மேலிருந்து பூச்சு வழிந்து மெலிகிறது; பள்ளமான இடங்களில் அதே பூச்சு தேங்கி அவற்றை மூடிவிடுகிறது. ரோமன் எழுத்தின் நேர்கோடுகளுக்கு இதனால் பெரிய பாதிப்பு இல்லை. சுழிகளும் கண்களும் நிறைந்த தமிழ் எழுத்துகளுக்கோ இது கடும் சோதனை. ணகரத்தின் சுழிகளும் ஞகரத்தின் வளைவுகளும் சில மில்லிமீட்டர் அளவில் பதிக்கப்படும்போது, பூச்சு நிரம்பி வெறும் புள்ளிகளாகிவிடும். இவ்வளவுக்கும் மேல், அந்தச் சிறு முகப்பில் இலச்சினைக்குக் கிடைக்கும் இடமும் குறைவு. பியூஸ் கட்டைகளுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 2086 இன்படி, தயாரிப்பாளரின் பெயரோ வணிகச் சின்னமோ அதில் இருக்க வேண்டும் என்பதோடு, அது தாங்கும் ஆம்பியர், வோல்ட் அளவுகளும் பொறிக்கப்பட வேண்டும். ஐஎஸ்ஐ முத்திரைக்கு உரிமம் பெற்றவர் அம்முத்திரைக்கும் இடம் ஒதுக்க வேண்டும். எஞ்சியிருக்கும் விரல்நுனி அளவு இடத்தில்தான் நிறுவனத்தின் அடையாளம் நிற்க வேண்டியிருக்கிறது.

பொம்மைக்குச் சிக்கல் வேறு விதமானது. நீர்த்த களிமண் கூழை பிளாஸ்டர் அச்சில் ஊற்றி, அச்சு நீரை உறிஞ்சிய பின் உட்புறத்தில் எஞ்சும் கூழைக் கொட்டிவிட்டு எடுக்கும் முறையில் பொம்மைகள் வார்க்கப்படுகின்றன. வார்க்க வார்க்க பிளாஸ்டர் அச்சு தேய்கிறது. முதலில் மழுங்குபவை நுண்ணிய கோடுகளே. ஆகவே அச்சுக்குள் வெட்டிய இலச்சினை, முதல் பொம்மையில் இருந்த கூர்மையோடு கடைசிப் பொம்மையில் இருப்பதில்லை. குவளை, தட்டு போன்றவற்றுக்கு டெக்கல் எனப்படும் ஒட்டுத்தாளை ஒட்டி, 750 முதல் 850 பாகை வெப்பத்தில் மறுபடியும் சுடும் முறை உண்டு. அதில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியே திரை தயாரித்து அச்சிட வேண்டியிருப்பதால், நிறம் கூடக் கூடச் செலவும் கூடும். கணினித் திரையில் மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கும் ஆரஞ்சிலிருந்து சிவப்புக்கும் மெல்ல மாறிச் செல்லும் நிறக்கலவை அழகாக இருக்கலாம். பீங்கான் வண்ணங்களில் பளிச்சென்ற சிவப்பு என்பதே எளிதில் கைவராத, விலை மிகுந்த நிறம்.

இணையவழிப் போட்டி எவ்வாறு நடைபெறுகிறது என்பதை இனிப் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 2008இல் தனி நிறுவனமாகத் தொடங்கி, 2020இல் விஸ்டாபிரிண்ட் நிறுவனத்தால் வாங்கப்பட்ட 99டிசைன்ஸ் இவ்வகைத் தளங்களுள் பெயர்பெற்றது. அதன் வழியில் இன்னும் பல தளங்கள் உள்ளன. இலச்சினை வேண்டுபவர் தன் நிறுவனத்தின் பெயர், தொழில், விரும்பும் நிறம் போன்றவற்றை ஒரு படிவத்தில் எழுதி, பரிசுத் தொகையை முன்கூட்டியே செலுத்துகிறார். உலகின் பல மூலைகளிலிருந்தும் வடிவமைப்பாளர்கள் சில நாள்களுக்குள் தங்கள் வடிவங்களை அனுப்புகின்றனர். வேண்டியவர் அவற்றுக்கு நட்சத்திர மதிப்பெண் இட்டு, திருத்தம் கேட்டு, இறுதியில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். தளம் தன் பங்கை எடுத்துக்கொண்டபின் எஞ்சிய தொகை வென்றவருக்குப் போகிறது. எண்பது பேர் கலந்துகொண்ட போட்டியில் எழுபத்தொன்பது பேரின் உழைப்புக்கு ஊதியம் கிடையாது. ஊதிய உறுதி இன்றி, கிடைத்தாலும் கிடைக்கலாம் என்ற எதிர்பார்ப்பில் செய்யப்படும் இத்தகைய வேலையை அமெரிக்க வடிவமைப்பாளர் அமைப்பான ஏஐஜிஏ நெடுங்காலமாகவே ஊக்குவிப்பதில்லை.

வாங்குபவர் இதில் தனக்கென்ன இழப்பு என்று கேட்கலாம், கேட்பதும் நியாயமே. இழப்பு வடிவமைப்பாளரோடு நின்றுவிடுவதில்லை. எண்பதில் ஒருவருக்கே ஊதியம் என்னும்போது, எந்த வடிவமைப்பாளரும் ஒரு போட்டிக்கு ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு மேல் செலவிட முடியாது. செலவிட்டால் பிழைக்க முடியாது. அந்த நேரத்துக்குள் அவர் விருத்தாசலம் எங்கே இருக்கிறது, இலச்சினை எந்தப் பொருளின் எந்தப் பக்கத்தில் பதிக்கப்படும், மண் எவ்வளவு சுருங்கும், போட்டி நிறுவனங்களின் சின்னங்கள் எப்படி இருக்கின்றன என்று விசாரிக்க வழியில்லை. படிவத்தில் செராமிக் என்று கண்டதும் ஒரு பானையையோ ஒரு தீச்சுடரையோ ஒரு சக்கரத்தையோ வரைந்து, முன்பு வேறொரு போட்டியில் தோற்ற வடிவத்தைச் சற்றே மாற்றி அனுப்புவதே அவருக்குக் கட்டுப்படியாகும். நூறு வடிவங்கள் கிடைக்கின்றன என்பது உண்மைதான். அவை விசாரணை நடக்காமல் வரையப்பட்ட நூறு வடிவங்கள். தேர்ந்தெடுப்பவரும் திரையில் கண்ணைப் பறிப்பது எது என்று மட்டுமே பார்க்கிறார். சூளையில் பிழைப்பது எது என்று சொல்ல அங்கே ஆளில்லை.

போட்டி முறையே தவறு என்று இதனால் முடிவு கட்டிவிட முடியாது. கள்ளக்குறிச்சியில் பிறந்த த.உதயகுமார் வடிவமைத்த இந்திய ரூபாய்க் குறியீடு, ஒரு போட்டியின் வழியாகவே கிடைத்தது. 2009ஆம் ஆண்டு மார்ச் மாதம் நடுவண் அரசின் நிதி அமைச்சகம் அறிவித்த அப்போட்டிக்கு 3,331 வடிவங்கள் வந்தன. அவற்றிலிருந்து ஐந்து இறுதிச் சுற்றுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன. 2010 ஜூலை 15 அன்று அமைச்சரவை உதயகுமாரின் வடிவத்துக்கு ஒப்புதல் அளித்தது. அவருக்கு இரண்டரை லட்சம் ரூபாய் பரிசாகக் கிடைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் வெளிவந்த யூனிகோடு எழுத்துத் தரத்தின் 6.0 பதிப்பில் இக்குறியீட்டுக்கு இடம் கிடைத்தது; 2011 முதல் நாணயங்களில் ஏறியது.

இந்த வெற்றியைச் சுட்டிக்காட்டி இணையப் போட்டிக்கு வாதாடுபவர்கள், அதன் பின்னே இருப்பவற்றைக் கணக்கில் கொள்வதில்லை. உதயகுமார் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலை பயின்று, மும்பை ஐஐடியின் தொழில் வடிவமைப்பு மையத்தில் முதுகலை முடித்து, அங்கேயே தமிழ் எழுத்துருவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்தவர். பராசக்தி என்னும் தமிழ் எழுத்துருவை உருவாக்கியவர். தேவநாகரி ரகரத்தையும் ரோமன் எழுத்தான ஆர் என்பதையும் ஒரே உருவில் இணைத்து, மேலே இரு கிடைக்கோடுகளை இட்ட அந்த எளிய வடிவத்துக்குப் பின்னால், எழுத்துகளின் உடலமைப்பைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த உழைப்பு இருக்கிறது. போட்டி அவ்வுழைப்பைக் கண்டெடுத்ததே தவிர, உருவாக்கவில்லை. ஒரு நாட்டின் நாணயத்துக்குக் குறியீடு வரைவதால் வரும் பெயரும், அறிவிக்கப்பட்ட விதிகளும், தேர்வுக் குழுவும் தேர்ந்தவர்களையும் உழைக்க வைத்தன. பியூஸ் கட்டை நிறுவனம் ஒன்று இணையத்தில் அறிவிக்கும் சிறு தொகைப் போட்டிக்கு அந்த ஈர்ப்பு இராது.

போட்டியை முறையாக நடத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு இன்னொரு சான்று தோக்கியோ 2020 ஒலிம்பிக் சின்னம். கென்ஜிரோ சானோ வடிவமைத்து 2015 ஜூலையில் வெளியிடப்பட்ட முதல் சின்னம், பெல்ஜியத்தின் லியேஜ் நாடக அரங்குக்கு ஒலிவியே டெபி வரைந்த இலச்சினையை ஒத்திருப்பதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. சானோ அதை மறுத்தபோதிலும், சர்ச்சை வளர்ந்ததால் அமைப்புக் குழு செப்டம்பரில் சின்னத்தைத் திரும்பப் பெற்றது. அடுத்து நடந்த பொதுப் போட்டிக்கு 14,599 வடிவங்கள் வந்தன. பலகட்ட ஆய்வுக்குப் பின் 2016 ஏப்ரலில் அசாவோ தொகோலோவின் வடிவம் தேர்வாயிற்று. பெரும் பணமும் சட்ட அறிஞர்களும் துணைநிற்கும் ஒலிம்பிக் குழுவுக்கே ஒற்றுமைக் குற்றச்சாட்டு எவ்வளவு இடர் தந்தது என்பதே இதில் சிறு உற்பத்தியாளர் கவனிக்க வேண்டிய பகுதி. போட்டியில் வென்ற வடிவம் வேறொருவருடையதன் சாயல் என்று பின்னர் தெரியவந்தால், வழக்கறிஞரின் கடிதம் வந்து சேர்வது அவருடைய முகவரிக்குத்தான். அச்சு வெட்டிய செலவும், அச்சிட்ட பெட்டிகளும், சந்தையில் ஈட்டிய அறிமுகமும் அவருக்குத்தான் நட்டம்.

மலிவான வடிவங்களில் விற்பனைக்குக் கிடைக்கும் படங்கள் நுழைந்துவிடும் ஆபத்தும் உண்டு. பட வங்கி எனப்படும் தளங்களில் சில டாலருக்குக் கிடைக்கும் வரைபடத்தை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ஆனால் அதை வணிகச் சின்னமாகக் கொள்ள அத்தளங்களின் விதிகள் பொதுவாக இடம் தருவதில்லை. டுவிட்டர் நிறுவனம் தன் தொடக்க காலத்தில் சைமன் ஆக்ஸ்லி வரைந்த பறவைப் படத்தை ஐஸ்டாக்போட்டோ என்னும் பட வங்கியிலிருந்து வாங்கிப் பயன்படுத்தியது. அதை இலச்சினையாக்கிக்கொள்ள விதி இடந்தராததால், பின்னர் தனக்கென வேறு பறவையை வரைந்துகொண்டது. ஒரே படத்தை, பிற பீங்கான் ஊர்களான மோர்பியில் ஒரு நிறுவனமும் குர்ஜாவில் ஒரு நிறுவனமும் விருத்தாசலத்தில் ஒரு நிறுவனமும் தத்தம் அடையாளமாக வைத்துக்கொண்டிருக்கும் நிலை வந்தால், மூவருக்கும் அதனால் பயனில்லை.

மலிவும் நல்ல பலன் தரும் என்பதற்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் நைக்கி நிறுவனத்தின் இலச்சினையைப் பற்றியும் ஒரு சொல். 1971இல் போர்ட்லாந்து மாநிலப் பல்கலைக்கழக மாணவியாக இருந்த கரோலின் டேவிட்சன் அதை 35 டாலருக்கு வரைந்தார் என்பது உண்மை. அவர் போட்டியில் வென்றவர் அல்லர். நிறுவனரால் நேரில் அமர்த்தப்பட்டு, அவரோடு கலந்து பேசி, பல வடிவங்கள் வரைந்து காட்டியவர். அத்தொகை போதாது என்பதை உணர்ந்த நிறுவனம் 1983இல் அவருக்குத் தன் பங்குகளை அளித்துப் பெருமைப்படுத்தியது. இந்தியாவில் அமர்த்தி வரைவித்த இலச்சினைகளுள் தலைசிறந்தது, ஆமதாபாதின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தைச் சேர்ந்த சேகர் காமத் பாரத ஸ்டேட் வங்கிக்காக உருவாக்கி, 1971இல் புழக்கத்துக்கு வந்த சின்னம். ஒரு நீல வட்டம், அதன் நடுவே ஒரு சிறு துளை, துளையிலிருந்து கீழே இறங்கும் ஒரு வெட்டு. சிற்றூர்க் கிளையின் பெயர்ப்பலகையிலும் காசோலையின் மூலையிலும் கைப்பேசித் திரையிலும் அது ஒரே போலத் தெரிகிறது. எஃகு அச்சில் வெட்டி மண்ணில் பதித்துச் சுட்டாலும் அது பிழைக்கும். பீங்கான் தொழிலுக்குச் சின்னம் வரையும் எவரும் முதலில் பார்க்க வேண்டிய வடிவம் அது.

சட்டத்தின் பக்கம் இன்னும் நுணுக்கமானது. பலரும் தடுமாறுவது இங்கேதான். பணம் கொடுத்து வாங்கிவிட்டால் இலச்சினை தனக்குச் சொந்தம் என்றே எவரும் நினைப்பர். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு கலைப்படைப்பின் முதல் உரிமையாளர் பொதுவாக அதைப் படைத்தவரே. ஊழியர் தன் பணியின் பகுதியாகப் படைத்தது முதலாளிக்குச் சேரும். புகைப்படம், ஓவியம் போன்ற சிலவற்றைப் பணம் கொடுத்துச் செய்வித்தவருக்கும் விலக்கு உண்டு. வெளியிலிருந்து அமர்த்தப்பட்டவர் வரைந்த இலச்சினை அவ்விலக்கில் அடங்கும் என்று நம்பியிருப்பது அறிவுடைமை ஆகாது. படைத்தவர் தன் உரிமையை எழுத்துமூலம், கையொப்பமிட்டு ஒப்படைக்க வேண்டும் என்று அச்சட்டத்தின் 19ஆம் பிரிவு கூறுகிறது. அந்த ஆவணத்தில் கால அளவு குறிப்பிடப்படாவிட்டால் ஒப்படைப்பு ஐந்து ஆண்டுகளுக்கே என்றும், நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே என்றும் கொள்ளப்படும். வளைகுடா நாடுகளுக்கு அகல் விளக்கு அனுப்ப எண்ணுபவர், உலகம் முழுமைக்கும், உரிமைக் காலம் முழுவதற்கும் என்ற சொற்கள் ஆவணத்தில் இருக்கின்றனவா என்று பார்த்தே ஆக வேண்டும். பெரிய போட்டித் தளங்கள் வென்றவரிடம் உரிமை மாற்ற ஒப்பந்தம் வாங்கித் தருவதுண்டு. ஆனால் வேறொரு கண்டத்தில், புனைபெயரில் இருக்கும் வடிவமைப்பாளரைத் தகராறு வரும் நாளில் தேடிப் பிடிப்பது எவருக்கும் எளிதன்று. கும்பகோணத்தில் இருக்கும் வடிவமைப்பாளரை ஒரு பேருந்துப் பயணத்தில் பார்த்துவிடலாம்.

வணிகச் சின்னப் பதிவு இதிலிருந்து வேறானது. 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டத்தின்படி பதிவு பொருள் வகைப்படி நடைபெறுகிறது. பீங்கான் பாத்திரமும் பொம்மையும் 21ஆம் வகுப்பு, பியூஸ் கட்டை 9ஆம் வகுப்பு, கழிப்பறைப் பீங்கான் 11ஆம் வகுப்பு என்று பிரியும். ஒன்றில் பெற்ற பதிவு மற்றொன்றுக்குத் தானாகப் பொருந்தாது. முன்பே பதிவான சின்னத்தை ஒத்திருந்தால் விண்ணப்பம் மறுக்கப்படலாம். பொருளின் தன்மையையோ அது விளையும் ஊரையோ மட்டும் குறிக்கும் சொல்லைத் தனி ஒருவர் உரிமையாக்கிக்கொள்ளவும் சட்டம் எளிதில் இடம் தராது. ஆகவே ஊர்ப் பெயரோடு செராமிக்ஸ் என்ற சொல்லைச் சேர்த்து, பக்கத்தில் ஒரு பானையை வரைந்த இலச்சினை, எவ்வளவு அழகாக இருந்தாலும் சட்டத்தின் முன் வலுவற்றது. பொருளோடு நேரடித் தொடர்பில்லாத ஒரு பெயரும், வேறெவரிடமும் இல்லாத ஒரு வடிவமுமே வலுவானவை. விண்ணப்பம் இதழில் வெளியிடப்பட்ட நான்கு மாதங்களுக்குள் பிறர் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் புதுப்பித்துக்கொண்டே போகலாம். வரையத் தொடங்குவதற்கு முன்பே வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையத் தரவில் தேடிப் பார்ப்பது நல்ல வடிவமைப்பாளரின் வேலையில் ஒரு பகுதி. போட்டிக்கு ஒன்றிரண்டு மணி நேரம் ஒதுக்குபவர் அதைச் செய்யப்போவதில்லை.

அமர்த்தத் தகுந்தவரை எங்கே தேடுவது என்பது நியாயமான அடுத்த கேள்வி. சென்னையிலும் கும்பகோணத்திலும் உள்ள அரசு கவின் கலைக் கல்லூரிகளிலிருந்தும், புதுச்சேரியின் பாரதியார் பல்கலைக்கூடத்திலிருந்தும் ஆண்டுதோறும் பயிற்சி பெற்றவர்கள் வெளிவருகின்றனர். அவர்களுள் ஓரிருவரின் முந்தைய வேலைகளைப் பார்த்து, ஒருவரை மட்டும் தேர்ந்து, சூளைக்கே வரவழைப்பது நல்லது. பிசைந்த மண்ணையும் அச்சையும் வெந்த பொருளையும் கையில் எடுத்துப் பார்த்தவர் வரையும் கோடு வேறு மாதிரி இருக்கும். ஊதியத்தை மூன்று தவணையாகப் பிரித்து, ஒப்புக்கொள்ளும்போது ஒரு பகுதி, வடிவம் முடிவானதும் ஒரு பகுதி, கோப்புகளும் உரிமை ஆவணமும் கைக்கு வந்ததும் எஞ்சியது என்று பேசிக்கொள்ளலாம். கோப்புகளைப் பெறும்போது, எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு சிதையாத வெக்டர் வடிவக் கோப்பைக் கேட்டு வாங்க வேண்டும். அச்சு வெட்டும் எந்திரத்துக்கும் டெக்கல் அச்சகத்துக்கும் வேண்டியது அதுவே. வாட்ஸ்அப்பில் வந்து சேரும் ஜேபிஜி படத்தை வைத்துக்கொண்டு எஃகில் ஒரு கோடும் வெட்ட முடியாது. டிடிபி மையத்தில் வேலை செய்யும் இளைஞர்களுள்ளும் கைத்திறன் மிக்கவர்கள் பலர் உண்டு. அவர்களுக்குக் கிடைக்காதது திறமை அன்று, விசாரித்து வரைவதற்கான நேரமும் அதற்கான ஊதியமும். அவற்றைக் கொடுத்தால் அவர்களும் நல்ல சின்னம் தருவர்.

விருத்தாசலத்துக்கு ஒரு போட்டி தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. ஒரு சங்கத்தின் உறுப்பினர்கள் அனைவரும் பயன்படுத்தும் கூட்டுச் சின்னத்தைப் பதிவு செய்ய வணிகச் சின்னங்கள் சட்டத்தில் வழி இருக்கிறது. இவ்வூர் உற்பத்தியாளர்கள் ஒன்றுகூடி, விருத்தாசலத்துப் பீங்கான் அனைத்துக்கும் பொதுவான ஒரு சிறு முத்திரையை உருவாக்க முற்பட்டால், அதற்குப் பொதுப் போட்டி பொருத்தமாக இருக்கும். ஏனெனில் அது ஒரு நிறுவனத்தின் சொத்தாக இல்லாமல், ஊரின் சொத்தாக அமையும். அப்போதும் விதிகள் முன்கூட்டியே வெளியிடப்பட வேண்டும். தேர்வுக் குழுவில் பீங்கான் தொழில்நுட்பம் அறிந்தவரும் இருக்க வேண்டும். இறுதிச் சுற்றுக்கு வரும் ஒவ்வொருவருக்கும் ஊதியம் தரப்பட வேண்டும். அவர்கள் வடிவங்கள் அனைத்தும் மண்ணில் பதித்துச் சுட்டுப் பார்க்கப்பட வேண்டும்.

தனி நிறுவனத்துக்குச் சின்னம் தேடும் உற்பத்தியாளர்கள், வடிவமைப்பாளரிடம் ஒன்றை மட்டும் உறுதியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்: சின்னத்தைச் சொந்த மண்ணில் பதித்து, சொந்தச் சூளையில் சுட்டு, வெளிவந்த பொருளில் அது தெளிவாகத் தெரிந்த பிறகே கடைசித் தவணை என்று. அதன் பின் பதிவுக்கு விண்ணப்பிப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். உத்யம் பதிவு பெற்ற சிறு நிறுவனத்துக்கு இணையவழி விண்ணப்பக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய்; கட்டணச் சலுகை இல்லாத மற்ற நிறுவனங்களுக்கு 9,000 ரூபாய்.